எந்தத் தீவில் முங்கலாம்? முதன்முறை ஸ்கூபா போகிறவர்களுக்கு

பேராக்கில், நம் சுங்கை சிப்புட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் எடுத்துக்கொண்டு ஸ்கூபா போகலாம் என்று முடிவெடுத்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். ரெடாங்கா, பெர்ஹெந்தியானா, தியோமானா? ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஆமைப் படம் அனுப்புவார். இன்னொருத்தர் "போறதே போறோம், சபாவுக்கே போயிடலாம்" என்பார். கடைசியில் எந்த ரிசோட் மலிவாகக் கிடைக்கிறதோ அந்தத் தீவு முடிவாகும். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற பேச்சே வராது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது: தீவு வேறு, முக்குளிக்கும் இடம் வேறு. ஒரே தீவைச் சுற்றிப் பல இடங்கள் இருக்கும். முக்குளிப்புக் கடைகளில் இவற்றை 'டைவ் சைட்' என்பார்கள். ஒன்று, கரையிலிருந்தே நடந்து இறங்கும் ஆறு மீட்டர் மணல்தரை. இன்னொன்று, அரை மணி நேரம் படகில் போனால் நடுக்கடலில் தலை நீட்டும் ஒற்றைப் பாறை. சுற்றிலும் நீரோட்டம் ஆறு மாதிரி ஓடும். இரண்டுக்கும் ஒரே தீவின் பெயர்தான். ஒன்றில் சிரித்துக்கொண்டே மேலே வருவீர்கள், மற்றதில் "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்பீர்கள். அதனால் இடத்தை முதலில் பார்த்து, தீவைப் பிறகு முடிவு செய்ய வேண்டும். இடத்தை எடைபோட ஆழம், தரை, நீரோட்டம், தண்ணீரின் தெளிவு ஆகிய நான்கையும் பார்த்தால் போதும்.

ஆழம்: டேங்கில் உள்ள காற்றின் கணக்கு

ஆழமாகப் போனால்தான் நிறையப் பார்க்கலாம் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தலைகீழ்.

நம் தீவுகளில் வாடகைக்குக் கிடைக்கும் டேங்க் பெரும்பாலும் அலுமினியத்தில் செய்தது, கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைப்பார்கள். வெளியே திறந்துவிட்டால் அது ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. மேலே வரும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 1,650 லிட்டர்.

கடல்மட்டத்தில் நம்மேல் இருப்பது ஒரு பார் அழுத்தம். கீழே இறங்க ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். பத்து மீட்டரில் இரண்டு பார், இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகத்தான் ரெகுலேட்டர், அதாவது வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி, காற்றைத் தரும். அதனால் பத்து மீட்டரில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுக்கும் இரண்டு மூச்சுக்குச் சமம். முதன்முறை இறங்குகிறவர் பரபரப்பில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டரில் அவருக்குச் சுமார் 44 நிமிடம் கிடைக்கும். பத்து மீட்டரில் 33. பதினெட்டில் 23. முப்பதுக்கே போனால் 16 நிமிடத்தில் கதை முடிந்தது. இறங்கவும் ஏறவும் ஆகும் நேரம் இதற்குள்ளேயே அடக்கம். கூட்டமாகப் போகும்போது முதலில் யாருக்குக் காற்று குறைகிறதோ அவரை வைத்துத்தான் மொத்தக் கூட்டமும் மேலே வரும்.

நிறமும் ஆழத்தோடு போய்விடும். தண்ணீர் சூரிய ஒளியில் சிவப்பை முதலில் குடித்துவிடும். ஐந்து மீட்டரைத் தாண்டும்போதே சிவப்பு மங்கி, பதினெட்டு மீட்டரில் கைவிளக்கு இல்லாவிட்டால் எல்லாம் நீலமும் சாம்பலுமாகத்தான் தெரியும். நீங்கள் படத்தில் பார்த்து மயங்கிய ஆரஞ்சுப் பவளம் பளிச்சென்று விளக்கடித்து எடுத்தது. பவளத்துக்கும் வெளிச்சம் வேண்டும் என்பதால் அது அடர்த்தியாக வளர்வதும் மேல்மட்டத்தில்தான். ஐந்து முதல் பன்னிரண்டு மீட்டருக்குள் இருக்கும் ஓர் இடம் புதியவருக்கு அதிக நேரமும் அதிக நிறமும் தரும்.

காதுக்கும் இதில் பங்கு உண்டு. மேலிருந்து பத்து மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது; அடுத்த பத்து மீட்டருக்கு ஒன்றரை மடங்குதான் கூடும். காது அடைப்பதும் வலிப்பதும் முதல் சில மீட்டரிலேயே நடப்பது இதனால்தான். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதுக்குள் காற்றைச் சமப்படுத்த வேண்டும். வலி வந்தபிறகு ஊதினால் நேரம் தவறிவிட்டது. அரை மீட்டருக்கு ஒருமுறை, வலிக்கும் முன்பே செய்யவேண்டும். வலித்துவிட்டால் பலமாக ஊதாமல் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலவேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் வேகம் நடுவில் இறங்கிவிட்டால் மேலே வரும்போது காற்று காதுக்குள் மாட்டிக்கொள்ளும், அது கீழே போகும்போது வரும் வலியைவிட மோசம்.

தரை எப்படி இருக்கிறது

கடைப் பலகையில் இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் வரைந்திருப்பார்கள். அதில் பார்க்கவேண்டியது தரையின் சாய்வு.

கரையிலிருந்து சறுக்கலாக இறங்கும் மணலும் அதன் ஓரத்தில் பவளத்திட்டும் இருந்தால் முதல் தடவைக்கு அதைவிட நல்லது இல்லை. காது ஒத்துழைக்காவிட்டால் மூன்று மீட்டரிலேயே மண்டியிட்டு நிற்கலாம். தடுமாறினாலும் கீழே மணல் இருக்கிறது. தனிப்பாறைகள் வேறு ரகம். இருபது மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து கோபுரம் மாதிரி எழும்பி நிற்கும். கயிற்றைப் பிடித்து நேராக இறங்க வேண்டியிருக்கும். மீன் கூட்டமும் அங்கேதான் அதிகம், நீரோட்டமும் அங்கேதான் அதிகம். செங்குத்துச் சுவர் அதற்கும் மேலே. சிப்பாடான் தீவு கடற்தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் எழும்பி நிற்கும் மலை. கரையிலிருந்து சில எட்டு நீந்தினாலே சுவர் கீழே போய்விடும். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவருக்கு அங்கே "அடி" என்று ஒன்றில்லை. மூழ்கிய கப்பல்கள் பார்க்க அழகு, ஆனால் கப்பலுக்குள் நுழைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வெளியே சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீரோட்டமும் நாட்காட்டியும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். தண்ணீர் அதிகம் இடம் மாறுகிறது, அதனால் நீரோட்டமும் வேகம். நடுவில் வரும் அரைநிலா நாட்களில், அதாவது அஷ்டமி, நவமி வாக்கில், ஏற்றவற்றம் சுருங்கிவிடும். நம் வீடுகளில் எந்த நல்ல காரியமும் தொடங்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்த அதே இரண்டு நாள்தான் முதன்முறை முங்குகிறவருக்கு வசதியான நாள். பாட்டியிடம் சொல்லாமல் போவது உத்தமம்.

இந்தக் கணக்கு மலாக்கா நீரிணையில், அதாவது நம் மேற்குக் கரையில், நன்றாகப் பொருந்தும். கிழக்குக் கரையில் அவ்வளவு நேராகப் பொருந்தாது. நிலா வானில் வடக்கே தெற்கே விலகும் அளவும் அங்கே கணக்கில் சேரும். அங்கே நாட்காட்டியைவிடத் தினமும் கடலுக்குப் போய்வரும் படகோட்டியின் பேச்சு மேல். "இன்னைக்கு அந்தப் பாறைப்பக்கம் வேணாம்" என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம்.

நீரோட்டத்தில் மாட்டினால் எதிர்த்து நீந்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. மூச்சு வாங்கும், காற்று இரண்டு மடங்கு வேகத்தில் காலியாகும். பாறைக்குப் பின்னால் ஒதுங்குவது, தரையை ஒட்டித் தாழ்வாகப் போவது, முடியாவிட்டால் வழிகாட்டியோடு சேர்ந்து ஓட்டத்தோடு மிதந்து மேலே வருவது, இவைதான் வழி. படகு உங்களைத் தேடி வரும். தேடி வராத படகு என்றால் அந்தக் கடையோடு போயிருக்கவே கூடாது.

மேற்கா, கிழக்கா

சுங்கை சிப்புட்டிலிருந்து லூமுட் பக்கம். இரண்டு மணி நேரத்துக்குள் போய் பங்கோர் படகு ஏறிவிடலாம். அப்படியிருக்க ஏன் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே போகவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பதில் சேறு. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, வேகமான ஏற்றவற்றம் அதைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. சில நாள் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரியும். பங்கோர் குளிக்கவும் மீன் சாப்பிடவும் நல்ல தீவு; முதல் முக்குளிப்புக்கு இல்லை. கண் தெரியாத தண்ணீரில் புதியவர் வழிகாட்டியைத் தொலைப்பார், தொலைத்ததும் பயப்படுவார், பயந்தால் வேகமாக மேலே வருவார். விபத்து நடக்கும் வரிசை இதுதான்.

மேற்கில் விதிவிலக்கு, லங்காவிக்குத் தெற்கே இருக்கும் பாயார் தீவு. அது கடல்பூங்கா. ஆழம் குறைந்த இடத்திலேயே கருநுனிச் சுறாக்குட்டிகளைப் பார்க்கலாம். தெளிவு கிழக்கை எட்டாது, ஆனாலும் அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: பருவம்.

கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து பிப்ரவரி, சில வருடம் மார்ச் ஆரம்பம் வரை வடகிழக்குப் பருவமழை. அலை எழும்பும், படகுகள் நிற்கும், பெர்ஹெந்தியானிலும் ரெடாங்கிலும் பெரும்பாலான ரிசோட்டுகள் பூட்டிவிடும். தீபாவளி லீவுக்கு அங்கே போக நினைப்பது இதனால்தான் தோற்கும். அக்டோபர் கடைசியிலேயே கடல் முகம் மாறத் தொடங்கிவிடுகிறது. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் கிழக்கு அடைத்துத்தான் இருக்கும். அந்த மாதங்களில் பாயாரோ, சபாவோதான். கிழக்குக்கு நல்ல காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அதிலும் பள்ளி விடுமுறையையும் ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 நீண்ட விடுமுறைகளையும் விட்டு ஒரு வாரநாளில் போனால், ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர் என்ற நெரிசல் இருக்காது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்கவேண்டும். கடல் அதிகமாகச் சூடேறினால் பவளம் வெளுத்துவிடும். 2010-இல் அப்படி ஆனபோது ரெடாங், தியோமான், பாயார் பக்கம் சில இடங்களை மாதக்கணக்கில் மூடினார்கள். முன்பணம் கட்டும் முன், போக நினைக்கும் இடம் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்பது ஐந்து நிமிட வேலை.

தீவுகள், ஒவ்வொன்றாக

பேராக்கிலிருந்து புறப்படும் புதியவருக்கு எங்கள் முதல் தேர்வு பெர்ஹெந்தியான். கோலா கங்சார், லெங்கோங், கிரிக், ஜெலி வழியாகப் போய் கோலா பெசூட் ஜெட்டியில் காரை விட்டால், விரைவுப் படகு முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். பெரிய தீவு, சின்ன தீவு என்று இரண்டு. கடைகள் நிறைய, போட்டியும் நிறைய, அதனால் பயிற்சி விலை கட்டுப்படியாகும். கரைக்குப் பக்கத்திலேயே மணல்சரிவுகள் இருக்கின்றன. அதே தீவில் முக்குளிப்பு உரிமம் வாங்கிய பிறகு போவதற்கும் இடம் உண்டு. ஒன்று தோக்கோங் லாவுட். கடல் கோயில் என்று பொருள். அடியிலிருந்து நீர்மட்டம் வரை எழும்பும் பாறை, மீன் கூட்டம் அப்பிக்கொண்டிருக்கும். இன்னொன்று 2000-ஆம் ஆண்டில் மூழ்கிய சர்க்கரைக் கப்பல்; ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. ஒரே பயணத்தில் கற்றுக்கொண்டு, கடைசி முக்குளிப்பாக இப்படி ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் பெர்ஹெந்தியானின் சௌகரியம்.

ரெடாங்கில் தண்ணீர் அருமை, பவளமும் அருமை. ஆனால் அங்கே தங்குவது பெரும்பாலும் ரிசோட் தொகுப்பாகத்தான் விற்கப்படும். குடும்பத்தில் பாதிப் பேர் முங்காமல் கரையில் இருப்பவர்கள் என்றால் அது பொருந்தும். படகு மேராங் ஜெட்டியிலிருந்து அல்லது கோலா திரெங்கானுவிலிருந்து. பெர்ஹெந்தியானுக்கும் ரெடாங்குக்கும் நடுவில் இருக்கும் லங் தெங்கா சிறியது, அமைதியானது.

தியோமான் பகாங்கைச் சேர்ந்த தீவு, ஆனால் பலரும் படகு ஏறுவது ஜொகூரின் மெர்சிங்கில். நம்மூரிலிருந்து தெற்கு முனைக்கே ஓட்டவேண்டும். மெர்சிங் படகு ஏற்றவற்றத்தைப் பார்த்துத்தான் புறப்படும், நேரம் தினமும் மாறும். அட்டவணை பார்க்காமல் போனால் அரை நாள் ஜெட்டியில் உட்கார நேரிடும். தெக்கேக் பக்கம் இருக்கும் ரெங்கிஸ் என்ற சிறு தீவு புதியவர்களுக்கென்றே செய்தது போல ஆழம் குறைந்தது. டைகர் ரீஃப், செபே, லாபாஸ் போன்றவை அடுத்த கட்டம். கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ உறவினர் வீட்டுக்குப் போகிற வழியில் சேர்த்துக்கொள்ளலாம், இதற்கென்றே பேராக்கிலிருந்து போவது வீண் களைப்பு.

டுங்குனுக்கு எதிரே இருக்கும் தெங்கோல் ஆழம், வேகமான நீரோட்டம். உரிமம் வாங்கி இருபது முப்பது முறை முங்கிய பிறகு பாருங்கள்.

சிப்பாடானைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். தீவில் இப்போது யாரும் தங்க முடியாது. 2004-ஆம் ஆண்டு கடைசியில் ரிசோட்டுகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். செம்பூர்ணாவிலோ மாபுல், கப்பாலாய் பக்கமோ தங்கி, நாள் அனுமதிச்சீட்டோடு போய்வர வேண்டும். சீட்டு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிய வேண்டும். அடிப்படை உரிமம் மட்டும் போதாது, அடுத்த நிலையும் கேட்பார்கள். முதல் பயணத்துக்கே அங்கே போகப் பணம் சேர்ப்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: அந்தப் பணத்தில் பாதியில் பெர்ஹெந்தியானில் படித்து, அடுத்த வருடம் தியோமானில் கை பழகி, அப்புறம் சிப்பாடானுக்குப் போங்கள். அப்போதுதான் சுவரைப் பார்ப்பீர்கள். இப்போது போனால் டேங்கில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒருநாள் அனுபவமா, உரிமமா

இரண்டு வழி இருக்கிறது. ஒருநாள் அனுபவ முக்குளிப்பில் கரையோரம் ஒரு மணி நேரம் பழக்கிவிட்டு, பயிற்றுநர் கூடவே கூட்டிப்போவார்; அதிகபட்சம் 12 மீட்டர். உரிமம் எதுவும் கிடைக்காது. 'ஓப்பன் வாட்டர்' என்பது மூன்று நான்கு நாள் படிப்பு. பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) ஆகிய இரண்டு பயிற்சி அமைப்புகளின் அட்டைகள் இங்கே அதிகம், எதை வாங்கினாலும் உலகம் முழுக்கச் செல்லும். முடித்தால் துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்த நிலை 30 மீட்டர். பத்து வயதிலிருந்து சேரலாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஆழ வரம்பு குறைவு. கட்டணம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வரும். அதில் சாதனம், புத்தகம், அட்டை எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டுவிட வேண்டும்.

படிப்பில் ஒரு நீச்சல் சோதனை உண்டு: நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்க்க மாட்டார்கள். ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் குதித்துப் பழகியவர்கள் பலருக்குப் பத்தடி பாய்ந்து நீந்த வரும், 200 மீட்டர் நிதானமாக வராது. போவதற்கு ஒரு மாதம் முன்பே ஈப்போ பக்கம் ஒரு நீச்சல்குளத்தில் வாரம் இரண்டு முறை போய்ப் பழகுங்கள்.

உடல்நலத்தை இங்கே சுருக்கமாகச் சொல்ல முடியாது. தீவில் முதலில் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, இனிப்புநீர், ரத்த அழுத்த மருந்து என்று வரிசையாக இருக்கும். குறிப்பிட்ட கேள்விகளுக்கு "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். தீவில் அந்தக் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம், கட்டிய பணமும் போகும். எனவே தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, டவுன் கிளினிக்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பொய்யாக "இல்லை" என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆஸ்துமாக்காரருக்கு மேலே வரும்போது நுரையீரலில் காற்று அடைபட்டால் அது விரிந்து திசுவைக் கிழித்துவிடும். அதற்கு நாலைந்து மீட்டர் ஆழமே போதும். கர்ப்பிணிகள் முங்கவே கூடாது.

கடையில் கேட்க வேண்டியவை

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதல் கேள்வி, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? அனுபவ முக்குளிப்புக்கு இரண்டு பேர் என்றால் நிம்மதி, நாலுக்கு மேல் என்றால் வேறு கடை பாருங்கள். படகில் ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, நாளைக்கு எந்த இடம், அங்கே ஆழம் எவ்வளவு, நீரோட்டம் அதிகமாக இருந்தால் மாற்று இடம் எது என்று கேளுங்கள். இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்கிற கடைதான் கடை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிற இடத்தில் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சாதனத்தையும் தொட்டுப் பாருங்கள். டேங்கைத் திறந்து வாயில் வைத்து நாலைந்து மூச்சு இழுக்கும்போது அழுத்தமானி முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடை, புகை வாடை இருந்தால் அந்த டேங்க் வேண்டாம். காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மிதவைச் சட்டையை ஊதிவிட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், தானாகச் சுருங்குகிறதா என்று தெரியும்.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. மற்றதெல்லாம் வாடகைக்கே போதும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால், கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். மீசைக்காரர்களுக்கு இங்கேதான் சோதனை. மூக்குக்குக் கீழே இருக்கும் முடி வழியாகத் தண்ணீர் கசியும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை, மூக்கை ஒட்டிய ஒரு கோட்டை மட்டும் ஒதுக்கினால் போதும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் வார் வழுக்கும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் பனி பிடிக்கும். தங்கச் சங்கிலி, மோதிரம், கொலுசு எல்லாம் கரையில் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் எப்போது கழன்றது என்றே தெரியாது.

கீழே இறங்குவதற்காக உடம்பில் கட்டும் ஈயக்கட்டியிலும் புதியவர்களுக்கு அதிகம் கட்டிவிடுகிறார்கள், சீக்கிரம் இறங்கட்டும் என்று. எடை கூடினால் சட்டையில் அதிகக் காற்று ஏற்ற வேண்டும். அந்தக் காற்று ஆழத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்க, நீங்கள் மேலும் கீழுமாக ஆடுவீர்கள், காலில் மாட்டிய ஃபின்ஸ் பவளத்தை உடைக்கும். சரிபார்க்கும் முறை எளிது: சட்டையில் காற்றே இல்லாமல், சாதாரணமாக மூச்சு இழுத்து அடக்கிக்கொண்டு நேராக நின்றால், தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். டேங்க் காலியாகும்போது சுமார் இரண்டு கிலோ எடை குறையும், அதையும் முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கீழே எதையும் தொடாதீர்கள். ஒரு மீனிடம் மட்டும் தூரமும் காட்டவேண்டும்: டைட்டன் டிரிகர் மீன். முட்டையிட்டிருக்கும்போது துரத்திக் கடிக்கும். தன் கூட்டுக்கு மேலே புனல் வடிவத்தில், மேலே போகப்போக அகலமாக, அது எல்லை வைத்திருக்கிறது. பயந்து மேலே ஏறினால் இன்னும் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். ஃபின்ஸை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள்.

படகில் ஏறும் முன் நாசி லெமாக்கும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டால் கீழே மீன்களுக்குத்தான் விருந்து. இட்லியோ ரொட்டியோ அளவாகச் சாப்பிடுங்கள். வாந்தி வரும் உடம்பென்றால் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடவேண்டும். படகு ஆட ஆரம்பித்தபிறகு போட்டுப் பயனில்லை.

பயணத்தை வரிசைப்படுத்துவது

தீவு தீவாகப் போகிறவர்கள் வரிசையை ஜெட்டியை வைத்துப் போடவேண்டும். வரைபடத்தில் பெர்ஹெந்தியானும் ரெடாங்கும் பக்கத்தில் தெரியும், ஆனால் ஒன்றுக்குக் கோலா பெசூட், மற்றதற்கு மேராங். பெரும்பாலும் கரைக்கு வந்து சாலையில் போய் மறுபடி படகேற வேண்டும், அதற்கே ஒரு நாள் போய்விடும். ஐந்து நாளில் இரண்டு தீவு என்றால் முதல் தீவில் படிப்பும் முக்குளிப்பும், இரண்டாவதில் ஸ்னோர்க்கலிங் மட்டும் என்று வையுங்கள். படிப்பை இரண்டு தீவுக்குப் பிரிக்காதீர்கள்.

ஊர் திரும்பும் கடைசி நாளில் முங்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. காரணம் நைட்ரஜன். அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுவிலும் கரைந்துவிடும். மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வந்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும்; மணிக்கணக்கில்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா போத்தலைத் திறந்தது மாதிரி குமிழிகள் உருவாகலாம். விமானம் ஏற, ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் முங்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"நாங்க வேன்லதானே வர்றோம்" என்று இதைப் பலர் தள்ளிவிடுகிறார்கள். பேராக்காரர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த விதி விமானத்துக்கு மட்டுமல்ல, ஏறக்குறைய 600 மீட்டருக்கு மேலான எந்த உயரத்துக்கும் பொருந்தும். ஜெலியிலிருந்து கிரிக் வரும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டும் இடத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. காலையில் முங்கிவிட்டு மத்தியானப் படகில் கரைக்கு வந்து நேராக வண்டியைக் கிளப்பினால், சாயங்காலம் அந்த உச்சியில் இருப்பீர்கள். திரும்பும் வழியில் கேமரன் மலையில் ஒரு இரவு தங்கலாம் என்று நினைத்தாலும் இதே கணக்குத்தான்.

ஐந்து நாள் பயணத்தை அதனால் இப்படிப் போடலாம். முதல் நாள் போய்ச் சேர்ந்து கரையோரம் மாஸ்க் பழகுதல். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள் படிப்பு. கடைசி முக்குளிப்பு நான்காம் நாள் மாலை நாலு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். ஐந்தாம் நாள் கடலோரம் குளியல், மத்தியானம் படகு. கோலா பெசூட்டில் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குப் புறப்பட்டால், மலையுச்சியை எட்டும்போது 18 மணி நேரம் தாராளமாகத் தாண்டியிருக்கும்.

மூட்டுவலி, தோல் அரிப்பு, கைகால் மரத்துப்போதல், காரணமில்லாத அசதி, தலைசுற்றல், இவற்றில் ஏதாவது முங்கிய அன்றோ மறுநாளோ வந்தால் வெயில் களைப்பு என்று தூங்கப் போகாதீர்கள். மலையும் ஏறாதீர்கள். ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, பக்கத்து மருத்துவமனையில் "முக்குளித்தேன்" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். லூமுட் இராணுவ மருத்துவமனையில் அந்த வசதி உண்டு. சாதாரணப் பயணக் காப்புறுதி முக்குளிப்பைச் சேர்த்திருக்காது, வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெலிக்கும் கிரிக்குக்கும் இடையில் காட்டுயானைகள் சாலையைக் கடக்கும்; மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் வழி நெடுகப் பார்ப்பீர்கள். இருட்டுவதற்குள் கிரிக்கைப் பிடித்துவிட வேண்டும். ஜெலியிலேயே எண்ணெயை நிரப்பிக்கொள்ளுங்கள்.